விடுப்பில் வந்து சமையலறையைப் புதுப்பித்த அனுபவம்

திருச்சி திருவானைக்காவலில் உள்ள எங்கள் வீடு 1980-களில் கட்டப்பட்டது. கூடம், படுக்கையறைகள், முன்வராந்தா எல்லாம் சில ஆண்டுகளுக்கு முன்பே புதிய கோலத்துக்கு மாறிவிட்டன. பழைய மொசைக் தரையின் மேல் வெளிர் சந்தன நிற விட்ரிஃபைடு டைல் பதித்து, தேக்குக் கதவுகளை இழைத்து மெருகேற்றி, சுவர்களுக்குப் பட்டி பார்த்து வண்ணம் அடித்தாயிற்று. சமையலறை மட்டும் பழைய கடப்பாக்கல் மேடை, கதவில்லாத சிமென்ட் அலமாரிகள், ஒரே ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயின்ட், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஜன்னல் கம்பிகள் என்று கட்டிய காலத்திலேயே நின்றுவிட்டது. டைல் பதித்ததில் கூடத்தின் தரை உயர்ந்துவிட்டதால், சமையலறைக்குள் நுழையும்போது ஒன்றரை அங்குலம் கீழே இறங்க வேண்டியிருந்தது. அம்மாவின் வயதில் அது விழுவதற்குப் போதுமான பள்ளம். சிங்கப்பூரிலிருந்து இந்த முறை விடுப்பில் வந்தபோது அந்த அறையை வீட்டின் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போகும்படி மாற்றினோம். அந்த வேலைக்காக அணுகிய கடைகள், நிறுவனங்கள், தொழிலாளர்கள் ஆகியோரின் சேவை எப்படி இருந்தது என்பதை, இதே போன்ற எண்ணத்துடன் ஊருக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

கைவேலையின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கொத்தனார், கிரானைட் வெட்டுபவர், எலக்ட்ரீஷியன், ஆசாரி என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் தம் வேலையை நன்கு அறிந்தவர்கள். ஒருவருடைய வேலை முடிந்து அடுத்தவருடைய வேலை தொடங்கும் இடம்தான் யாருடைய பொறுப்பிலும் இல்லை. தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கேயிருந்துதான் வந்தன.

முதலில் மாடுலர் கிச்சன், அதாவது அலமாரிகளைத் தொழிற்சாலையில் செய்து வீட்டில் பொருத்தும் சமையலறை, காட்சிக்கூடங்களுக்குப் போனோம். வரவேற்பும் காபியும் குறைவில்லாமல் இருந்தன. அளவெடுக்க மறுநாளே ஆள் அனுப்பினார்கள். ஓரிரு நாட்களில் கணினியில் வரைந்த முப்பரிமாணப் படமும் கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஆனால் எல்லாப் படங்களிலும் ஏறக்குறைய ஒரே சமையலறைதான் இருந்தது. பளபளக்கும் சிவப்பு அல்லது சாம்பல் நிற அக்ரிலிக் கதவுகள், வெள்ளை குவார்ட்ஸ் மேடை, மேலே எல்.இ.டி. பட்டை விளக்கு. தேக்கும் சந்தன நிறமுமாக இருக்கும் கூடத்திலிருந்து பார்த்தால் அது வேறு யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை போலத்தான் தெரியும். அறையின் நீள அகலத்தை அளந்த அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கூடத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே சிங்க் வைத்திருந்த ஒரு வரைபடத்தை, நெருப்பையும் நீரையும் சேர்த்து வைக்கக்கூடாது என்று அம்மா பார்த்தவுடனே ஒதுக்கிவிட்டார். வாஸ்துவை விட்டுவிட்டாலும், கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் தெறிக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வெள்ளை குவார்ட்ஸ் வேண்டாம் என்பதற்கு நிறப் பொருத்தம் மட்டுமே காரணம் அல்ல. குவார்ட்ஸ் என்பது கல்தூளை ரெசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே அதன் மேல் வைத்தால் தழும்பு விழுந்துவிடும், மஞ்சள் கறையும் எளிதில் போகாது. நாள்தோறும் குழம்பு கொதிக்கும் வீட்டுக்குக் கறுப்பு கிரானைட் போதும் என்று முடிவுசெய்தோம்.

விலைப்பட்டியல்களை ஒப்பிடுவது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. சதுர அடிக்கு ஏறத்தாழ 1,400 ரூபாயிலிருந்து 2,400 ரூபாய் வரை சொன்னார்கள். ஆனால் அந்தச் சதுர அடியை ஆளுக்கொரு விதமாக அளந்தார்கள். ஒருவர் கதவின் முகப்பை மட்டும் கணக்கில் எடுத்தார். இன்னொருவர் பக்கப் பலகை, உள்தட்டு எல்லாவற்றையும் சேர்த்து அளந்தார். மூன்றாமவர் மேடையின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னார். விலை குறைவாகத் தெரிந்த பட்டியல், கூட்டிப் பார்த்தபோது மற்றவற்றைவிட அதிகமாகிவிட்டது. டிராயர் சட்டம், பாத்திரக் கூடை, கைப்பிடி, சிம்னி, மேடைக் கல் ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கடைசி வரியில்தான் எட்டிப் பார்க்கும். "பில் வேண்டுமா சார், வேண்டாமா?" என்ற கேள்வி எல்லா இடத்திலும் வந்தது. பில் இல்லாமல் வாங்கினால் பின்னால் உத்தரவாதத்தைக் காட்டிப் பேச முடியாது என்பதால், வேண்டும் என்றே சொன்னோம்.

பலகையின் தரத்தைக் கேட்கும்போது, 710 கிரேடா என்று கேட்க வேண்டும். ஐ.எஸ். 710 என்பது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண், ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது. பலகையிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை அச்சாகியிருக்கும், வெட்டி லேமினேட் ஒட்டிய பிறகு அதைப் பார்க்க வழியில்லை என்பதால், முழுப் பலகையாக இருக்கும்போதே பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நாங்கள் போய்ப் பார்த்தோம். பட்டறைக்காரர் முகம் சுளிக்கவில்லை.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவில் இருக்கிறது திருவானைக்காவல். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய தலம்; கருவறையிலேயே நீர் ஊறும் ஊரில், வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதில் வியப்பில்லை. கரையானும் உண்டு. எனவே மேடைக்குக் கீழே பலகைப் பெட்டிகளே வேண்டாம், கல் தடுப்புகளை நிறுத்தி அவற்றில் கதவை மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் மேஸ்திரி சொன்னார். மாடுலர் நிறுவனங்களுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை; பெட்டியில்தானே அவர்களுடைய சதுர அடி இருக்கிறது. கடைசியில் ஒரு நடுத்தர அளவு நிறுவனம், மேல் அலமாரிகளையும் ஒரு டிராயர் வரிசையையும் கீழ்க் கதவுகளையும் மட்டும் செய்துதர ஒப்புக்கொண்டது. தேக்கு நிற லேமினேட்டைத் தேர்ந்தெடுப்பதற்காகக் கூடத்துக் கதவின் பக்கத்தில் மாதிரித் துண்டுகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, பகல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்தோம். கடையில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறங்கள் வீட்டில் முற்றிலும் வேறாகத் தெரிந்தன.

தரை வேலைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது. சமையலறைத் தரையைக் கூடத்தின் மட்டத்துக்கு உயர்த்தினால் பழைய மேடை அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடும். ஏற்கெனவே அது முப்பது அங்குல உயரம்தான். ஆகவே மேடையை முழுவதும் இடித்தே ஆக வேண்டும் என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். புதிய உயரத்தை அவர் முடிவுசெய்த விதம் எந்தக் காட்சிக்கூடத்திலும் நான் காணாதது. செங்கல்லை அடுக்கி, அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, "அம்மா, சப்பாத்தி தேய்க்கிற மாதிரி கையை வையுங்க" என்றார். தோள் தூக்காமலும் முதுகு வளையாமலும் கை இயல்பாக நிற்கும்வரை செங்கல்லுக்கு மேல் ஓட்டுத் துண்டுகளைச் சொருகிச் சொருகி எடுத்தார். முப்பத்திரண்டரை அங்குலத்தில் அம்மா தலையசைத்தார். சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, டைலின் கனத்தைக் கூட்டி இன்னொரு கோடும் போட்டார். நிறுவனத்தின் வரைபடத்தில் எல்லோருக்கும் ஒரே முப்பத்து நான்கு அங்குலம்தான்.

கூடத்தில் பதித்த டைல் இப்போது சந்தையில் இல்லை. அதே நிறம் என்று சொல்லி கடைகளில் காட்டியவை எல்லாம் ஓர் இழை மஞ்சளாகவோ வெளுப்பாகவோ இருந்தன. வாசல்நிலையின் கீழே கதவின் அகலத்துக்கு ஒரு கறுப்பு கிரானைட் பட்டையைப் பதித்துவிட்டால், இரண்டு பக்க நிறத்தையும் கண் நேரடியாக ஒப்பிடாது என்பதும் மேஸ்திரியின் யோசனையே. அது நன்றாகப் பலித்தது. உள்ளே வழுக்காத மேட் டைல் போட்டோம்; ஜன்னலோரம் அம்மா அரிவாள்மணை போட்டு உட்காருவதற்கு இடமும் விட்டோம். தரையில் உட்கார்ந்து காய் நறுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

இனி இணைப்பிடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் ஆள் அளவெடுத்தபோது சுவரில் டைல் ஒட்டவில்லை. டைலும் அதன் அடியில் பூசிய கலவையும் சேர்ந்து இருபுறமும் முக்கால் அங்குலத்தை விழுங்கிவிட்டதால், தொழிற்சாலையிலிருந்து வந்த மேல் அலமாரி அதன் இடத்துக்குள் நுழையவில்லை. கொத்தனார் தாம் சொன்னபடி செய்ததாகச் சொன்னார். நிறுவனம் தான் அளந்தபடி செய்ததாகச் சொன்னது. இருவர் சொன்னதும் உண்மை. டைல் ஒட்டி முடித்த பிறகு இறுதி அளவு எடுக்கப்படும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லியிருந்தும், நிறுவனத்தார் அதைச் செய்யாமலே தயாரிப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வரியைக் காட்டியபின் தங்கள் செலவிலேயே ஒரு பெட்டியைத் திரும்பச் செய்து தந்தார்கள். எழுதி வாங்கியதால் கிடைத்த பலன் அது.

சிம்னியும் இதே கதைதான். அதைப் பொருத்துவது இலவசம் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. வந்த இளைஞர் கருவியைச் சுவரில் மாட்டினார். ஆனால் புகைக்குழாய் வெளியே போக ஆறு அங்குலத் துளையிடுவது தம் வேலையில் சேராது என்றார். கொத்தனார் அதற்குள் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். உளியால் அடித்தால் புதிய டைல் தெறிக்கும் என்பதால், கோர் கட்டிங் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, வட்டமாகத் துளைத்து வாங்கினோம். இதை டைல் ஒட்டுவதற்கு முன்பே செய்திருக்கலாம் என்று எல்லோரும் பிறகு சொன்னார்கள்.

மின்சார வேலை ஒழுங்காகவே நடந்தது. கிரைண்டர், மிக்ஸி, மின்னடுப்பு, ஃபிரிட்ஜ் ஆகியவற்றுக்குத் தனித்தனி 16 ஆம்பியர் பாயின்ட்டும், சமையலறைக்கென்று, சுமை கூடினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் போட்டார்கள். கேஸ் சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் மறைத்து வைக்கும் வடிவமைப்பைத்தான் எல்லோரும் காட்டினார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் தடுப்பின் கதவில் அடிப்பகுதியில் காற்று போக இடைவெளிவிட்ட பலகை வைக்கச் சொன்னோம். அழகு கொஞ்சம் கெட்டது, பரவாயில்லை.

இடித்த கல்லும் மண்ணும் இரண்டு குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) நிறையப் போயின. கடப்பாக்கல் பலகைகளை மட்டும் கொல்லையில் துணி துவைக்க நிறுத்திக்கொண்டோம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இதே வேலைக்குப் பதிவுபெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும், அனுமதி வேண்டும், இடிக்கும் வேலையை வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே செய்யலாம். இங்கே பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டால் போதும் என்பது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே பதிவுபெற்ற அந்த ஒரே ஒப்பந்ததாரர்தான் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் நிற்பவர். இங்கே அந்த இடத்தில் நிற்க, நாளைக்கு இரண்டு முறை வந்துபோகும் மேற்பார்வையாளரைத் தனிச் சம்பளத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவை வீண் என்று நினைக்க வேண்டியதில்லை. எங்களுக்கு அக்காவின் கணவர் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்தார்.

காலக்கெடுவையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைத் தயாரிப்புக்கு நிறுவனங்கள் பொதுவாக 30 முதல் 45 நாட்கள் கேட்கின்றன; இடிப்பு, மேடை, டைல் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். குறுகிய விடுப்பில் இரண்டும் அடங்காது. பள்ளி விடுமுறையோடு சேர்த்து டிசம்பரில் வருபவர்களுக்கு மார்கழியும் பொங்கலும் குறுக்கே வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் தை பிறந்ததும் புதுமனை வேலைகளில் சிதறிவிடுவார்கள். பழைய அறையைப் புதுப்பிப்பதற்கு மாதம் பார்க்காதவர்கள் ஆடியில் வந்தால், நல்ல ஆசாரியும் கொத்தனாரும் எளிதில் கிடைப்பார்கள்.

பணம் செலுத்துவதில் தொல்லை இல்லை. 2023 முதல் சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணோடு இணைந்த, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஐ. கணக்குகளிலும் யு.பி.ஐ. பயன்படுத்த முடிவதால், கிரானைட் கடை முதல் டீக்கடை வரை அதிலேயே கொடுத்தேன். நிறுவனம் முன்பணமாகப் பாதியும், பொருள் புறப்படும்போது நாற்பது சதவீதமும் கேட்டது. மீதிப் பத்து சதவீதத்தை, எல்லாம் பொருத்தி அம்மா பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் தருவோம் என்று சொல்லியிருந்தோம். நான் கிளம்பும்போது டிராயர் ஒன்று மூடும்போது உரசியது. சிங்குக்குக் கீழுள்ள கதவு ஒரு நூல் இறங்கியிருந்தது. சரிசெய்ய அடுத்த வாரம் ஆள் வருவார் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தப் பத்து சதவீதம் அத்தானிடம் இருக்கிறது.