லேசிஎம்சி: ஆள் வந்தால் மட்டும் விழிக்கும் மைன்கிராஃப்ட் சேர்வர்

ஹட்டனில் வீட்டிலுள்ள பழைய கணினியொன்றில் மருமக்களுக்காக மைன்கிராஃப்ட் விளையாட்டின் சேர்வரை (பலர் இணைந்து விளையாட உதவும் வழங்கியை) இயக்கும் எனக்கு, யாருமே விளையாடாத நேரத்திலும் அது நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது உறுத்தலாகவே இருந்தது. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட இலவச மென்பொருளான லேசிஎம்சி, 25565 என்ற வழமையான போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) சேர்வருக்குப் பதிலாகத் தானே காத்திருந்து, ஒருவர் இணைய முயன்றதும் சேர்வரைத் தொடக்கி, எல்லோரும் வெளியேறிச் சிறிது நேரம் கழிந்ததும் அதை நிறுத்திவிடுகிறது. விளையாட்டின் பட்டியலில் சேர்வர் உறங்குவதாகக் காட்டுவது நல்ல ஏற்பாடு. நுவரெலியாவிலிருந்து இணையும் பிள்ளைகள் அதைப் பழுதென்று எண்ணுவதில்லை. முதலில் வருபவர்தான் காத்திருக்க வேண்டும்: மோட்கள் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்கள்) நிறைந்த உலகம் எழுவதற்கு நேரமெடுத்தால், லேசிஎம்சி அவரது இணைப்பைப் பிடித்துவைக்கும் கால எல்லை கடந்து இணைப்பு அறுந்து, அவர் மீண்டும் முயல நேரிடும். கணினி இயங்கிக்கொண்டே இருப்பதால் மின்கட்டணத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நினைவகம் குறைந்த கணினிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.