ஒரு வெல்டிங் பயிற்றுநரின் யோசனை எந்த அமைப்பில் பிழைக்கும்?

அரசுத் தொழிற்கல்வியில் புத்தாக்கத்தை வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்குக் கொள்கை ஆவணங்கள் வழக்கமாகத் தரும் விடைகள் இரண்டு: புதிய இயந்திரம் வாங்குவது, தொழில் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவது. இரண்டையும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு பணிமனைக்குள் புதிதாக ஏதாவது நடக்கும்போது அது எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனித்தால், அந்தக் காட்சியில் பெரும்பாலும் இயந்திரமும் இருப்பதில்லை, ஒப்பந்தமும் இருப்பதில்லை.

மின்வில் வெல்டிங் கற்றுத்தரும் ஒரு பயிற்றுநரை எடுத்துக்கொள்வோம். தம் கை செய்யும் பிழை மாணவருக்குத் தெரிவதில்லை என்பதுதான் அவருடைய நெடுநாள் சிக்கல். முகக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடி வழியே தொடக்கத்தில் வெறும் ஒளிதான் தெரியும். வெல்டிங் கம்பியான ராடின் நுனியில் உருகித் தேங்கி நகரும் உலோகக் குட்டையைப் பார்க்கக் கண் பழகுவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். ஒருநாள் அவர் அதே கறுப்புக் கண்ணாடியைக் கைபேசிக் கேமராவுக்கு முன்னால் பொருத்தி, மாணவர் ஒருவர் வெல்டு செய்வதைப் பதிவு செய்கிறார். வெல்டின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டியெடுத்துத் துடைத்த பிறகு, வெல்டின் ஒவ்வொரு பகுதியையும் காணொளியின் அந்தந்த நொடியோடு சேர்த்து வைத்துக் காட்டுகிறார். ராடு மேலே எழும்பி ஆர்க், அதாவது மின்வில், நீண்ட இடத்தில் தெறிப்பும் நுண்துளைகளும். கை தயங்கி நின்ற இடத்தில் உலோகம் குவிந்த மேடு. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. தேவைப்பட்டதெல்லாம் யோசிக்க ஒரு மதிய நேரமும், சோதித்துப் பார்க்க இரண்டு மூன்று வகுப்புகளும்தான்.

இந்த யோசனை அடுத்த ஆண்டுவரை நிலைக்குமா, பக்கத்துப் பணிமனைக்குப் போகுமா, வேறொரு நிலையத்துக்குச் சென்று அங்கே திருத்தம் பெற்றுத் திரும்பி வருமா, கடைசியில் பாடத்திட்டத்திலேயே இடம்பிடிக்குமா என்பதெல்லாம் அந்தப் பயிற்றுநரின் திறமையைவிட அவர் வேலை செய்யும் அமைப்பையே அதிகம் சார்ந்திருக்கின்றன. நன்கு அறியப்பட்ட நான்கு ஏற்பாடுகளை இந்தக் கண்கொண்டு அருகருகே வைத்துப் பார்க்கலாம்: ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள இரட்டை முறை, சிங்கப்பூரின் ஒற்றை நிறுவன முறை, ஆஸ்திரேலியா முயன்று பார்த்த போட்டிச் சந்தை, ஸ்பெயினின் பாஸ்க் பகுதி கட்டிய வலைப்பின்னல்.

இரட்டை முறையின் அடிப்படை எளியது. தொழில்பழகுநர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும், எஞ்சிய நாள்களில் அரசுத் தொழிற்பள்ளியிலும் கற்கிறார். ஜெர்மனியில் 1969-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் இதற்கு நாடு தழுவிய சட்ட வடிவம் தந்தது. ஒரு தொழிலுக்கான பயிற்சி விதிகளை எழுதும்போதும் மாற்றும்போதும் முதலாளிகள், தொழிற்சங்கங்கள், மாநிலங்கள், மத்திய அரசு ஆகிய நான்கு தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தேர்வுக் குழுவிலும் முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள், ஓர் ஆசிரியராவது உடனிருப்பார். ஒத்துழைப்பு இங்கே யாருடைய நல்ல மனத்தையும் நம்பியிருக்கவில்லை. சட்டமே அவர்களை உட்கார வைக்கிறது. இயந்திரவியலும் மின்னணுவியலும் கலந்த மெக்கட்ரானிக்ஸ் 1998-இல் தனித் தொழிலாக ஏற்கப்பட்டதும், 2018-இல் உலோக, மின்தொழில்களின் பயிற்சி விதிகளில் தகவல் தொழில்நுட்பப் பாதுகாப்பும் முப்பரிமாண அச்சு முறையும் விருப்பக் கூடுதல் தகுதிகளாக நுழைந்ததும் இந்த மேசையில் நடந்தவைதான்.

எதைக் கற்பிப்பது என்பதில் இந்த முறைக்கு நிகரில்லை என்றே சொல்லலாம். எப்படிக் கற்பிப்பது என்பது வேறு கேள்வி. நம் பயிற்றுநர் ஒரு பெரிய நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் இருந்தால் அவருடைய கேமரா உத்தி அந்த நிறுவனத்தின் சுவர்களுக்குள் செழிக்கும், ஆனால் வெளியே போக அதற்கு எந்தக் காரணமும் இல்லை. சிறு நிறுவனத்தில் இருந்தால் அன்றாட உற்பத்திக்கு நடுவே அந்த யோசனை தோன்றவே நேரமிருக்காது. இந்த ஓட்டையை சுவிட்சர்லாந்து அடைத்த விதம் கவனிக்கத்தக்கது. 2004-இல் நடைமுறைக்கு வந்த அதன் தொழிற்கல்விச் சட்டம், நிறுவனத்துக்கும் பள்ளிக்கும் அப்பால் மூன்றாவது கற்றல் இடம் ஒன்றை உறுதி செய்கிறது: பல நிறுவனங்களின் தொழில்பழகுநர்கள் ஒன்றாகக் கூடும் பொதுப் பயிற்சி வகுப்புகள். சந்தையில் போட்டியிடும் இரண்டு நிறுவனங்களின் பழகுநர்கள் அங்கே ஒரே மேசையில் வெல்டு செய்கிறார்கள். அப்படிப்பட்ட வகுப்பை நடத்துபவரிடம் நம் யோசனை போய்ச் சேர்ந்தால், அது ஒரே பருவத்தில் பல நிறுவனங்களுக்குப் பரவிவிடும். ஜெர்மனியிலும் சிறு நிறுவனங்களுக்காக இதே போன்ற பொது மையங்கள் உண்டு.

பிற நாடுகள் இந்த முறையை ஆசையோடு பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் ஜெர்மனியில் இதைத் தாங்கி நிற்பவை நிறுவனங்கள் சட்டப்படி உறுப்பினராக வேண்டிய தொழில் வணிகக் கழகங்களும் வலுவான தொழிற்சங்கங்களும். அவை இல்லாத இடத்தில் இரட்டை முறை என்று பெயர் சூட்டப்படுவது பெரும்பாலும் நீண்ட களப்பயணமாகவே முடிகிறது. மாணவர் நிறுவனத்துக்குப் போகிறார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார், திரும்பி வருகிறார்.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிரான வழி. 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் அமைக்கப்பட்டது. 2005 முதல் அதன் நிலையங்கள் கிழக்கு, மத்தி, மேற்கு என மூன்று கல்லூரிகளாகத் திரட்டப்பட்டன. ஒரே தலைமை, ஒரே பாடத்திட்டம், ஒரே தர அளவு. மேலே ஒப்புதல் கிடைத்த மாற்றம் மூன்று கல்லூரிகளுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். வேறு எந்த முறையிலும் இத்தனை வேகம் கிடையாது. 2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளி வழியே வழங்கப்பட்ட, அரசாட்சியில் மாற்றம் கொண்டுவருவதற்கான புத்தாக்க விருது இக்கழகத்துக்குக் கிடைத்தது தற்செயல் அல்ல. ஆனால் வேகம் மேலிருந்து கீழே வரும் வேகம். நம் பயிற்றுநரின் யோசனை மேலே ஏறிப் போனால் ஒரே ஆண்டில் நாடு முழுவதும் வழக்கமாகிவிடும். ஏறவில்லை என்றால் அவருடைய மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். நாடே ஒரு நகரம் என்பதையும் மறக்கக்கூடாது. பரந்த நாட்டில் இதே அமைப்பை வைத்தால் தலைமையகத்துக்கும் பணிமனைக்கும் இடையிலான தூரம் சுற்றறிக்கைகளால் நிரம்பிவிடும்.

மூன்றாவது ஏற்பாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புத்தாக்கத்தின் பெயரால் அதிகம் பரிந்துரைக்கப்படுவது அதுதான். ஆஸ்திரேலியாவில் 1974-ஆம் ஆண்டின் காங்கன் அறிக்கைக்குப் பிறகு டேஃப் எனப்படும் அரசுத் தொழிற்கல்லூரிகள் நாட்டின் பெரும் பொதுச் சொத்தாக வளர்ந்தன. பின்னர் வந்த வாதம் இது: அரசு நிறுவனம் மட்டுமே களத்தில் இருந்தால் சோம்பல் வரும், பயிற்சிக்கான பொதுப்பணத்துக்குத் தனியாரும் போட்டியிடட்டும், அப்போது தரமும் புதுமையும் தாமே வரும். விக்டோரியா மாநிலம் 2009 முதல் இந்த வழியில் வெகுதூரம் போனது. கூட்டாட்சி அரசும் தொழிற்கல்விக் கட்டணக் கடன் திட்டம் ஒன்றைத் தனியார் பயிற்சி நிலையங்களுக்கும் திறந்துவிட்டது.

போட்டி சில நன்மைகளைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. வேலை செய்யும் இடத்திலேயே மதிப்பீடு செய்வதும், வேலை பார்ப்பவர்களுக்கு ஏற்ப வகுப்பு நேரத்தை மாற்றுவதும் பரவலாயின. ஆனால் கடன் திட்டம் எந்தப் புதுமையை ஊக்குவித்தது என்று பார்த்தால், கற்பித்தலில் அல்ல, ஆள் சேர்ப்பதில்தான். இடைத்தரகர்கள் வீடு வீடாகப் போய் இலவச மடிக்கணினியைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். படிப்பை முடிக்கவே வாய்ப்பில்லாதவர்கள் மீதும் கடன் ஏறியது. 2016 இறுதியில் திட்டமே மூடப்பட்டு, 2017-இல் கடுமையான விதிகளோடு வேறொரு திட்டம் வந்தது. நிலையங்களுக்கு இடையே ஏற்பட்ட விரிசல் இதைப்போல வெளியே தெரியவில்லை, என் பார்வையில் இதைவிட நீண்ட காலம் நீடிப்பதும் அதுதான். பக்கத்து நிலையம் போட்டியாளர் ஆனவுடன் பாடக்குறிப்பு வணிக ரகசியமாகிவிடுகிறது. நம் பயிற்றுநர் தம் காணொளியை இன்னொரு கல்லூரியின் நண்பருக்கு அனுப்பினால் அது பகிர்வு அல்ல, கசிவு. பாடத்திட்டத்தின் துண்டுகளான திறன் அலகுகள் விளைவை மட்டுமே வரையறுக்கின்றன, கற்பிக்கும் வழியைப் பயிற்றுநரிடமே விடுகின்றன என்பது ஏட்டளவில் பெரிய சுதந்திரம். ஆனால் தணிக்கைக்காக ஒவ்வொரு மாணவருக்கும் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவங்கள் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் மாலைநேரத்தை விழுங்கிவிடுகின்றன.

அந்த நாடே இப்போது வேறு திசையில் நகர்கிறது. 2024 சனவரியில் தொடங்கிய தேசியத் திறன் ஒப்பந்தம் டேஃபை அமைப்பின் மையத்தில் வைக்கிறது. மாநிலங்கள் தாண்டி இணைந்து செயல்படும் டேஃப் சிறப்பு மையங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் ஒதுக்குகின்றன. ஆனால் போட்டியாளர்களாகப் பழக்கப்பட்டவர்களைக் கூட்டாளிகளாக்குவது கட்டடம் எழுப்புவதைவிட மெதுவான வேலை.

நான்காவது ஏற்பாடு அளவில் சிறியது, விவரத்தில் செறிவானது. பாஸ்க் அரசு 2005-இல் எரென்டெரியா என்ற ஊரில் டெக்னிகா என்ற மையத்தைத் தொடங்கியது. தொழிற்பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே வாரத்தின் ஒரு பகுதியை அதன் திட்டங்களுக்காக ஒதுக்குகிறார்கள், எஞ்சிய நாள்களில் தங்கள் பள்ளிக்கே திரும்புகிறார்கள். இந்தத் திரும்பிப் போவதுதான் முழு அமைப்பின் உயிர். சோதித்துப் பார்த்ததை அவர்கள் மறுநாளே வகுப்பில் போட்டுப் பார்க்கிறார்கள், வகுப்பில் உடைந்ததை மையத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

அங்கே உருவான எதாசி என்ற முறையில் ஒரு படிப்புச் சுழற்சி முழுவதையும் ஒரு சிறு ஆசிரியர் குழு பொறுப்பேற்கிறது. பாடங்களைத் தனித்தனி மணிநேரமாக வெட்டுவதற்குப் பதிலாக, ஒரு சவாலை வைத்து அதைச் சுற்றிப் பல பாடங்களையும் கோத்துவிடுகிறார்கள். மாணவர்கள் குழுவாக அதைத் தீர்க்கிறார்கள். தங்கள் கால அட்டவணையைத் தாங்களே வகுக்கும் உரிமை ஆசிரியர்களுக்கு இருப்பதால், வெல்டிங் கற்பிப்பவரும் வரைபடம் கற்பிப்பவரும் ஒரே அறையில் நிற்பது இயல்பாகிறது. இதனோடு ட்கெகுனே என்ற இன்னொரு திட்டம்: ஆராய்ச்சிப் பிரிவு வைத்துக்கொள்ள முடியாத சிறு நிறுவனங்களுக்குத் தொழிற்பள்ளி ஆசிரியர்களே சிறு மேம்பாட்டுத் திட்டங்களைச் செய்து தருகிறார்கள். இங்கே நிறுவனம் தானம் செய்பவராகவும் பள்ளி கை நீட்டுபவராகவும் இல்லை. பள்ளியிடம் கொடுக்க ஏதோ இருக்கிறது என்பதே அந்த உறவைச் சமநிலைக்குக் கொண்டுவருகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆர்வமுள்ள அதே சிலரே எல்லாத் திட்டத்திலும் இருப்பதும், மற்றவர்கள் பார்வையாளராக நிற்பதும் வலைப்பின்னல்களின் நிரந்தர நோய். அரசின் தொடர்ந்த பண ஆதரவு நின்றால் இதுவும் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. பாஸ்க் பகுதியின் மொன்ட்ராகோன் கூட்டுறவு நிறுவனங்களின் வேர், அரிஸ்மென்டியாரியெட்டா என்ற பாதிரியார் 1943-இல் தொடங்கிய தொழிற்பள்ளியில் இருக்கிறது. முதல் கூட்டுறவுத் தொழிலகம் வந்ததே 1956-இல்தான். பள்ளியும் தொழிலும் ஒன்றையொன்று நம்பும் பழக்கம் அந்த மண்ணில் டெக்னிகாவைவிட அறுபது ஆண்டு மூத்தது. ஆகவே பாஸ்க் முறையையும் பெட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்துவிட முடியாது.

ஆனாலும் நான்கில் ஒன்றைத் தொடக்கப்புள்ளியாக எடுக்கச் சொன்னால் நான் இதையே எடுப்பேன். இரட்டை முறைக்குத் தேவையான கழகங்களையும் சங்கங்களையும் ஓர் அரசாணையால் உருவாக்க முடியாது. ஒற்றை நிறுவனம் சிறிய நிலப்பரப்புக்கே பொருந்தும். போட்டிச் சந்தை என்ன செய்யும் என்பது நேரிலேயே பார்க்கப்பட்டுவிட்டது. வலைப்பின்னலுக்கு வேண்டியதோ ஆசிரியரின் நேரம், அதை வாங்கப் பணம், பகிர்ந்தால் யாரும் தண்டிக்கமாட்டார்கள் என்ற உறுதி. மூன்றும் ஒரு கல்வித்துறையின் கைக்கு எட்டுபவை. எதைக் கற்பிப்பது என்பதற்கு ஜெர்மனியின் நான்கு தரப்பு மேசையைச் சிறிய அளவிலாவது, ஒரு தொழிலுக்கு மட்டுமாவது இதனோடு சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வலைப்பின்னல் தானாக அந்தக் கேள்விக்கு விடை சொல்லாது.

இதில் எளிதாக விழக்கூடிய பொறி, சிறப்பு மையம் என்ற பெயரில் ஓரிடத்தில் ரோபோ கைகளை நிறுவி, மற்ற நிலையங்களின் மாணவர்களைப் பேருந்தில் அழைத்துவந்து காட்டுவது. அது கண்காட்சி. மையத்துக்கு வரும் ஆசிரியர் எத்தனை மணி நேரத்துக்கு விடுவிக்கப்படுகிறார், அவர் திரும்பிப் போய் எதை மாற்றினார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிவேட்டில் விடை இல்லையென்றால், வலைப்பின்னல் என்ற சொல் அங்கே அலங்காரம்தான்.

ஆசிரியரை வாரத்தில் ஒரு நாள் விடுவிக்க முடிவெடுக்கும் துறை, அந்த நாளின் வகுப்புகளை எடுக்க மாற்று ஆசிரியருக்கும் அதே ஆணையிலேயே பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அந்தச் சுமை பக்கத்து மேசைக்காரர் தலையில் ஏறும்; நம் வெல்டிங் பயிற்றுநர் வேறொரு நிலையத்தில் தம் காணொளியைக் காட்டிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், இரண்டு பிரிவு மாணவர்களை ஒருவராகச் சமாளித்துக்கொண்டிருக்கும் சக பயிற்றுநர் அந்தக் காணொளியைப் பார்க்க விரும்பப் போவதில்லை.