முலாம் பட்டறைக் கசடு: சிமெண்ட் கட்டியா, கண்ணாடியா?

அம்பத்தூரில் ஒரு முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிக்கலும் குரோமியமும் சுண்ணாம்பில் படிந்த பிறகு தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸில் மிஞ்சும் பச்சைக் கசடை என்ன செய்வது? சிமெண்டோடு பிசைந்து கட்டியாக்கியும் பார்த்தோம், உருக்கிக் கண்ணாடியாக்கியும் பார்த்தோம். என் மனம் கண்ணாடிப் பக்கம்தான்.

சிமெண்ட் மலிவு. கலவை இயந்திரமும் இரண்டு ஆட்களும் போதும். ஆனால் எடை கூடுகிறது. குப்பைக்கிடங்குக்காரர் டன் கணக்கில்தான் பணம் வாங்குகிறார்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மாற்றியது கசிவுச் சோதனை. கட்டியை நொறுக்கி, அசிட்டிக் அமிலக் கரைசலில் 18 மணி நேரம் சுழற்றி, குரோமியம் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் கட்டி எளிதாகத் தேறியது. தேற வைத்தது எது என்று யோசித்தபோதுதான் உறைத்தது: சிமெண்டின் காரத்தன்மையே அமிலத்தை முறித்துவிடுகிறது. உலோகங்கள் உள்ளே ஹைட்ராக்சைடாகத்தான் இருக்கின்றன. காரம் இருக்கும்வரை கரையாது, அவ்வளவே. மழைநீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் அந்தக் காரத்தை ஆண்டுக்கணக்கில் தின்னும். 18 மணி நேரச் சோதனைக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கண்ணாடியில் காவலுக்குக் காரம் வேண்டாம். உலோகம் கண்ணாடியின் அடிப்பொருளான சிலிக்காவின் வலைப்பின்னலுக்குள்ளேயே பிணைந்துவிடுகிறது. அது வெளியே வர வேண்டுமானால் கண்ணாடியே கரைய வேண்டும்.

செய்வது சுலபமில்லை. கசடில் முக்கால் பங்கு வரை தண்ணீர். முதலில் வெயிலில் உலர்த்தினோம், இல்லையென்றால் எரிபொருள் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடும். உடைந்த பாட்டில் தூள், வெண்காரம் சேர்த்து, மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) 1,300 டிகிரி வரை கொண்டுபோனோம். முதல் முறை சல்பேட் நுரைத்துப் பொங்கி வழிந்தது; அதன்பின் கசடை அலசிவிட்டே உலர்த்துகிறோம். குரோமியம் நச்சான ஆறிணைதிறன் வடிவத்துக்கு மாறாதிருக்கக் கொஞ்சம் கரித்தூள் வேண்டும். கரி கூடினாலோ நிக்கல் மணிமணியாக அடியில் இறங்கிவிடுகிறது. கசடின் பங்கைக் கூட்ட ஆசைப்பட்டால் குரோமியம் படிகமாகப் பிரிந்து நிற்கும்.

நான் பேசுவது சில கிலோ பிடிக்கும் மூசையில் ஏழு உருக்குகளை வைத்து. ஆண்டு முழுவதும் எரியும் உலையில் உட்சுவர்ச் செங்கல் எவ்வளவு தாங்கும் என்று இந்த அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். காட்மியம், பாதரசம் உள்ள கசடுக்கு இதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். கலவை உருகிக் கண்ணாடியாகும் முன்பே அவை ஆவியாகிப் புகையோடு போய்விடும்.

தரை ஓட்டுக் கலவையில் இந்தக் கண்ணாடியைச் சேர்க்க, 2016 அபாயக் கழிவு விதிகளின் 9-ஆவது விதிப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் போயிருக்கிறது. அதுவரை எங்கள் பச்சைச் சில்லுகளும் கழிவு என்ற பெயரிலேயே கும்மிடிப்பூண்டி குப்பைக்கிடங்குக்கு லாரி ஏறுகின்றன.