பெருந்தமனியை இழுத்துப் பார்க்கும் மெஷின்: ஒரு வருட அனுபவம்

மேசை மேல் வைக்கும் இந்த இழுவிசை மெஷினில் ஒரு வருடமாகப் பெருந்தமனித் துண்டுகளை அறுத்துக்கொண்டிருக்கிறேன். வாங்க யோசிப்பவர்களுக்குச் சுருக்கமாக: மெஷின் நல்லது, கிளாம்ப் சுமார், மென்பொருள் தலைவலி.

வீங்கிப்போன தமனியை அறுவை சிகிச்சையில் எடுக்கிறார்கள் இல்லையா, அதிலிருந்து உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கிய துண்டை வெட்டி, 37 டிகிரி உப்புநீரில் வைத்து அறும்வரை இழுப்போம். இழுக்கும் விசையை அளக்கும் லோட் செல்லைக் குறை சொல்லவே முடியாது. வயது குறைந்தவரின் திசு நன்றாக நீண்டு கொடுத்துவிட்டுத்தான் அறும், வயதானவருடையது கொஞ்சம் நீண்டதுமே விறைத்துக்கொண்டு சீக்கிரம் போய்விடும் (ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் புரதமான எலாஸ்டின் சின்ன வயதோடு உருவாவது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, அப்புறம் தேய்மானம்தான், பாரமெல்லாம் விறைப்பான புரதமான கொலாஜன் தலையில்). இந்த வித்தியாசம் வரைபடத்தில் பளிச்சென்று தெரிகிறது.

கிளாம்புக்கு வருவோம். சுண்ணாம்பு படிந்த இடத்தைக் கவ்விவிட்டால் துண்டு அதன் வாயருகிலேயே அறும், அந்த அளவீடு குப்பைக்குத்தான். உப்புத்தாள் ஒட்டியபின் பரவாயில்லை.

கூட வரும் தடிமன் அளவியை மட்டும் நம்பாதீர்கள். அது ஈரத் திசுவை அமுக்கிவிடுகிறது. 4 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன் உள்ள துண்டு 8 நியூட்டனில் அறுந்தால் வலிமை 1 மெகாபாஸ்கல். அளவி அமுக்கி 1.6 என்று காட்டினால் அதே துண்டு 1.25 ஆகிவிடும், திசு பாவம் எதுவுமே செய்யவில்லை!

மென்பொருளில் வயதுக்கும் பாலினத்துக்கும் கட்டமே கிடையாது. வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் ஆண்களுக்குத்தான் அதிகம், ஆனால் அதே விட்டத்தில் வெடிக்கும் ஆபத்து பெண்களுக்கு அதிகம். அதனால்தான் ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. வந்ததும் அறுவை பற்றி யோசிக்கிறார்கள். பெண்களின் சுவரே பலவீனமா, இல்லை அவர்கள் தமனி இயல்பிலேயே சிறியது என்பதால் 5 செ.மீ. அவர்களுக்குப் பெரிய வீக்கமா? போதாததற்குப் பெண்களுக்கு இது பெரும்பாலும் வயது கூடியபிறகே வருகிறது, ஆக எது வயதின் வேலை, எது பாலினத்தின் வேலை என்று பிரிக்க இரண்டு விவரமும் ஒவ்வொரு அளவீட்டோடும் இருந்தாக வேண்டும். விற்றவர்களிடம் கேட்டால் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன், தரவுக் கோப்பை வெளியே எடுத்தால் அந்தப் பெட்டி மட்டும் வரவில்லை.

இப்போது மாதிரி எண்ணையே "பெ71நீ" என்று வைக்கிறேன்: பெண், 71 வயது, நீளவாக்கில் வெட்டியது.