மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்றவர்களிடம் 1,85,000 ரூபாய் இழந்தேன்: பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் படிக்கவும்

இன்று மாலை ஆறு மணிக்கு என் மகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் படித்ததிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை என்றாலும், ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். காரைக்குடியில், வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுவதாகச் சொல்லும் ஓர் அலுவலகத்தில் 1,85,000 ரூபாய் கட்டி ஏமாந்திருக்கிறேன். அவர்களுடைய பெயரை இங்கே எழுதவில்லை. நாளை காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் எழுதுவேன்.

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் சிறிய பட்டறை எனக்கு இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பில் 500க்கு 488 மதிப்பெண் வாங்கியவள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1600க்கு 1420 எடுத்தாள். அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஒன்றிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில், முதலாண்டு சேருபவர்களுக்கு ஆனர்ஸ் திட்டமும் மெரிட் ஸ்காலர்ஷிப்பும் உண்டு என்று அவளே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். எங்கள் வீட்டில் ஆனர்ஸ் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. என் தாத்தாவின் தம்பி அந்தக் காலத்தில் சென்னைக்குப் போய் பி.ஏ. ஆனர்ஸ் படித்ததை அப்பத்தா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்த அலுவலகத்தின் ஆலோசகர் சென்ற அக்டோபரில் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பத்தாவின் காலைத் தொட்டு வணங்கினார். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த வெள்ளைப் பணியாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, தானும் தேவகோட்டைப் பக்கம்தான் என்றார். "அண்ணே, அழகப்பர் மண்ணில் பிறந்துவிட்டுப் படிப்பு விஷயத்தில் யாரையாவது ஏமாற்ற முடியுமா?" என்று அவர் கேட்டபோதுதான் நான் முழுவதுமாக நம்பினேன். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்த வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெயரை ஒருவர் வாயில் எடுக்கிறாரே, அதற்கு மேல் என்ன உறுதி வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கே 60,000 ரூபாய் கொடுத்தேன். விண்ணப்பக் கணக்கை அவர்களே தொடங்கி, அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் போட்டுக்கொண்டார்கள். பிள்ளை தவறாக எதையாவது அழுத்திவிடக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிச் செய்வதாகவும் சொன்னார்கள்.

ஆனர்ஸில் இடம் கிடைத்தால் ஸ்காலர்ஷிப் தானாக வந்துவிடும் என்றார் அவர். அது பொய் என்பதை இப்போதுதான், மகள் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தை வரி வரியாகப் படித்துக் காட்டியபோது தெரிந்துகொண்டேன். அங்கே ஆனர்ஸ் கல்லூரி என்பது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இயங்கும் ஒரு பிரிவு. சிறிய வகுப்புகள், பாடங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் உரிமை, இறுதியாண்டில் ஆய்வேடு என்று அதற்குத் தனி ஒழுங்கு இருக்கிறது, அதில் சேரக் கட்டுரைகளுடன் தனி விண்ணப்பமும் போட வேண்டும். மெரிட் ஸ்காலர்ஷிப் வேறு. டிசம்பர் 1க்குள் விண்ணப்பித்த எல்லோரையும், வேறு எதுவும் கேட்காமல், மதிப்பெண்ணை வைத்தே அதற்குப் பரிசீலிக்கிறார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

மார்ச் மாதம் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. ஆனர்ஸில் இடம், நான்கு ஆண்டுக்கும் கல்விக் கட்டணத்தில் எண்பது விழுக்காடு தள்ளுபடி என்று அதில் இருந்தது. அதை உறுதிப்படுத்த 1,25,000 ரூபாய் உடனே கட்ட வேண்டும் என்றார்கள். பூக்கல் வார்க்கும்போது, கண்ணாடியின் மேல் வைத்த அச்சை லேசாக ஆட்டித் தூக்கினாலும் ஒரு நிறம் பக்கத்து நிறத்துக்குள் கசிந்துவிடும். அந்தக் கடிதத்தின் அடியிலிருந்த முத்திரையும் அப்படித்தான் இருந்தது: எழுத்தின் ஓரமெல்லாம் மங்கி, நீலம் வெளியே பரவியிருந்தது. முப்பது வருடமாகக் கசிந்த கல்லை ஒதுக்கி வைக்கிற என் கண்ணுக்கு அது பட்டது. பட்டும், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் பணத்தை அனுப்பினேன். ஒரு வீட்டு முகப்புக்குக் கல் போட வாங்கியிருந்த முன்பணம் அது. போன பணம் மொத்தம் 1,85,000 ரூபாய்.

அதன் பிறகு கடிதத்தின் அசலைக் கேட்டபோதெல்லாம் ஒவ்வொரு பதில் வந்தது. அமெரிக்காவில் இப்போது விடுமுறை என்றார்கள். ஸ்பாம் பகுதியில் பாருங்கள் என்றார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். சென்னை எண்ணை அழைத்தால் காரைக்குடியிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவற்றுக்கெல்லாம் இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. சென்ற வாரம் நேரில் போனால், அந்த சார் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சொல்லிவிட்டு, முன்மேசையில் இருந்த பெண் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. ரசீதை எடுத்துக் காட்டினேன். அதில் "ஆலோசனைச் சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று பொடி எழுத்தில் இருப்பதை அவர் விரலால் சுட்டிக் காட்டினார்.

மகள் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக எழுதினாள். இன்று வந்த பதில் இதுதான்: விண்ணப்பம் ஜனவரி 23 அன்றுதான் வந்திருக்கிறது; டிசம்பர் 1 கடந்துவிட்டதால் ஸ்காலர்ஷிப்புக்குப் பரிசீலிக்கப்படவில்லை; ஆனர்ஸ் விண்ணப்பம் தொடங்கப்படவே இல்லை; அந்தக் கடிதம் அவர்கள் அனுப்பியதல்ல. முழுக் கட்டணத்தில் சாதாரணச் சேர்க்கை மட்டும் கிடைத்திருக்கிறது, அதை நாங்கள் எந்தக் காலத்திலும் கட்ட முடியாது. 1,85,000 ரூபாயை எப்படியாவது பட்டறையில் உழைத்து அடைத்துவிடுவேன். அக்டோபரிலேயே பணத்தை வாங்கிக்கொண்டு ஜனவரி வரை விண்ணப்பத்தை அனுப்பாமல் வைத்திருந்து, என் பிள்ளை தன் மதிப்பெண்ணுக்கே இலவசமாகப் பெற்றிருக்கக்கூடிய வாய்ப்பையும் கெடுத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விரிவாக அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. விண்ணப்பக் கணக்கும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். கடிதம் பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியிலிருந்து, அமெரிக்கா என்றால் பெரும்பாலும் டாட் ஈடியூ என்று முடியும் முகவரியிலிருந்து, வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காலர்ஷிப்பை உறுதிசெய்யப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னையில் அமெரிக்க அரசின் எஜுகேஷன்யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். நான் இன்றிரவுதான் அழைத்தேன்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இதே போன்ற கடிதத்தை வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் யாராவது இருந்தால், பிள்ளையை இன்றைக்கே பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் சேர்க்கையை உறுதிசெய்ய மே 1தான் கடைசி நாள்.