எத்தனை ஸ்லிப் ஆச்சு? செலரியோடு இரண்டு வருடம்

மாதக் கடைசியில் 1,200 பே ஸ்லிப்பை ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும், ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய ஒரு ஆப்பை நாங்கள் பராமரிக்கிறோம். முன்பெல்லாம் பட்டனை அழுத்தினால் பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆப்பை ஓட்டும் குனிகார்ன் சர்வர் 30 விநாடியில் வொர்க்கரை (வேலையைச் செய்யும் புராசஸ்) கொன்றுவிடும், சரி என்று அதை நீட்டினால் 60 விநாடியில் முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 504 (பதில் வர நேரமாகிவிட்டது என்ற பிழை) காட்டிவிடும், கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா என்ன செய்வார், மறுபடி அழுத்துவார். ஒரே வேலை சர்வரில் மூன்று தடவை ஓடும். அதற்காகத்தான், நீண்ட வேலைகளைப் பின்னணியில் ஓட்டும் பைத்தான் கருவியான செலரிக்கு மாறினோம்.

பின்னணியில் வேலை ஓட்டுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், எனக்கு முக்கியம் 'எவ்வளவு ஆச்சு' என்பதைச் சொல்லும் வசதிதான். டாஸ்க்குக்குள்ளிருந்து (செலரி ஓட்டும் ஒரு வேலை) அப்டேட் ஸ்டேட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, நாமே ஒரு நிலைக்குப் பெயர் வைத்து, முடிந்தது எத்தனை, மொத்தம் எத்தனை என்று கொடுத்துவிடலாம். பக்கம் இரண்டு விநாடிக்கு ஒருமுறை டாஸ்க் ஐடியை வைத்துக் கேட்டுக்கொள்கிறது. சர்வரோடு எப்போதும் திறந்திருக்கும் இணைப்பான வெப்சாக்கெட் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் டாஸ்க்கின் நிலையைச் சேமித்து வைக்கும் ரிசல்ட் பேக்கெண்ட் அமைக்க மறந்தால் இது எதுவும் எங்கேயும் பதிவாகாது, அதை முதலில் பாருங்கள்.

எண்ணை உண்மையாகக் கொடுப்பது நம் பொறுப்பு. முதலில் எல்லா ஸ்லிப்பையும் ஒரே பெரிய எச்டிஎம்எல்லாக்கி, அதைப் பிடிஎஃப் ஆக்கும் வீசிபிரிண்ட்டிடம் கொடுத்தோம், அது உள்ளே எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வெளியே தெரியவே இல்லை, பட்டை 10 சதவீதத்தில் நின்றுவிட்டுத் திடீரென்று 100க்குத் தாவியது. அப்புறம் ஒவ்வொரு ஸ்லிப்பையும் தனி பிடிஎஃப் ஆக்கி, 25க்கு ஒருமுறை எண்ணை எழுதி, கடைசியில் ஒன்றாக்கினோம். இப்போது '1,200-இல் 675' என்று வருகிறது, ஒன்றாக்கும் நேரத்தில் எண்ணை எடுத்துவிட்டு 'கோப்புகள் சேர்க்கப்படுகின்றன' என்று மட்டும் காட்டுகிறோம். சதவீதத்தைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் 675 நகர்கிறதா இல்லையா என்பது பார்க்கிறவருக்கே தெரிகிறது.

எனக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்தில். செலரிக்குத் தெரியாத ஐடியைக் கேட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொல்லாது, பெண்டிங் (காத்திருக்கிறது) என்று சொல்லும். ரிசல்ட் இயல்பாக ஒரு நாளில் அழிந்துவிடுவதால், நேற்று முன்தினம் முடிந்த வேலையின் பக்கத்தைத் திறந்தால் 'வரிசையில் காத்திருக்கிறது' என்று வருகிறது. காத்திருக்கிற மனிதரிடம் இப்படிப் பொய் சொல்லக் கூடாது! சர்வர் பாதியில் ரீஸ்டார்ட் ஆனாலும் இதே மாதிரிதான், கடைசியாக எழுதிய 675 அப்படியே நிற்கும், வேலை செத்துப்போனது பக்கத்துக்குத் தெரியாது. அதனால் செலரியின் நிலையை மட்டும் நம்பாமல் டேட்டாபேஸில் எங்களுக்கென்று ஒரு டேபிள் வைத்துவிட்டோம்: மொத்தம், முடிந்தது, கோப்பு இருக்கும் இடம், கடைசியாக எண் மாறிய நேரம். அந்த நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பழசானால் 'நின்றுவிட்டது, மறுபடி தொடங்கவும்' என்று காட்டுகிறோம். பட்டனை அழுத்தும்போதும் அதே மாதத்துக்கு ஏற்கெனவே வேலை ஓடுகிறதா என்று அந்த டேபிளில்தான் பார்க்கிறோம்.

ரெடிஸை புரோக்கராக (டாஸ்க்குகளை வரிசையில் வைத்து வொர்க்கரிடம் கொடுப்பது) வைத்து, டாஸ்க் முடிந்த பிறகுதான் அக் (பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல்) போக வேண்டும் என்று அமைத்திருப்பவர்கள் விசிபிலிட்டி டைம்அவுட்டை, அதாவது அக் வராத டாஸ்க்கை மறுபடி வரிசையில் விடும் கால வரம்பை, கட்டாயம் பாருங்கள். இயல்பு 1 மணி நேரம். வேலை அதைத் தாண்டினால் இன்னொரு வொர்க்கர் அதே டாஸ்க்கை முதலிலிருந்து தொடங்கிவிடும், எண் 900-லிருந்து 25-க்கு இறங்குவதைப் பார்க்கிறவர் பயந்துபோவார்.

பைத்தானில் இருப்பவர்களுக்கு, அந்தத் தனி டேபிளோடு சேர்த்து, செலரியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்கள் ஆவணம் ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும் என்றால் இதெல்லாம் வேண்டாம், நேராகவே கொடுத்துவிடுங்கள்.