ஏட்டையாவைத் தேட எங்கே போவது? சர்வீஸ் புக்கா, ஆவணக் காப்பகமா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டை இன்றும் ‘ஏட்டையா வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். ஏட்டையா என் அம்மாவின் அப்பா. 1941-இல் சென்னை நகரப் போலீசில் சேர்ந்தவர். எங்களிடம் இருந்த ஒரே போட்டோ 2015 வெள்ளத்தோடு போய்விட்டது. அதன் பிறகுதான் அவரைத் தாளில் தேடலாம் என்ற எண்ணமே வந்தது. ஒன்றரை ஆண்டு இரண்டு வழிகளில் அலைந்தேன். ஒன்று ஆவணக் காப்பகம், மற்றது அரசு ஊழியர் ஒவ்வொருவருக்கும் இருக்கும் பணிப் பதிவேடான சர்வீஸ் புக். சர்வீஸ் புக் பக்கமே என் சாய்வு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் போனது எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பேசின் பிரிட்ஜைத் தாண்டி எழும்பூர் போனால் தாத்தா கிடைத்துவிடுவார் என்று நினைத்தேன். 1909-இல் எழுந்த கட்டடம். பதினேழாம் நூற்றாண்டுத் தாள்கள்கூட அங்கே இருக்கின்றன. ஆனால் அங்கே மனிதர்கள் பெயர்வாரியாக அடுக்கப்படவில்லை. துறை, ஆண்டு, அரசாணை எண் என்ற வரிசைதான். கெஜட்டிலும் சிவில் லிஸ்ட்டிலும் இடம்பிடிப்பவர்கள் அதிகாரிகள். கான்ஸ்டபிள் ஒருவர் அரசாணையில் ஏற வேண்டுமென்றால், தண்டனை வாங்கி, அதை எதிர்த்து அரசுவரை மேல்முறையீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது சாகசம் செய்திருக்க வேண்டும். ஒழுங்காகப் பாரா நின்று, ரோந்து சுற்றி, வீடு திரும்பியவருக்கு அங்கே இடமில்லை.

மூன்றாம் நாள் தாத்தாவின் பெயரிலேயே, அதே இனிஷியலோடு, வேலைநீக்கத்தை எதிர்த்து ஒருவர் போட்ட மனு கையில் வந்தது. வயிறு கலங்கிவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே தாளைத் திருப்பினேன். தகப்பனார் பெயர் வேறு, ஊர் மதுரை ஜில்லா. அன்றைக்கு வெளியே வந்து குடித்த டீயைப் போல ருசியான டீயை நான் குடித்ததில்லை.

இங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன. கீழ்நிலைப் போலீஸ்காரருக்கென்று தனிப்பக்கம் எந்தத் தாளில் இருக்கிறது? சர்வீஸ் புக்கில் மட்டும்தான். முதல் பக்கத்திலேயே தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம், இடதுகை ரேகை எல்லாம் வந்துவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு இன்கிரிமெண்டுக்கும் ஒரு வரி, மாற்றலுக்கு ஒரு வரி, லீவுக்குத் தனிக்கணக்கு. பெயர்க் குழப்பத்துக்கு வேலையே இல்லை.

அதைப் பிடிக்க உதவும் துப்பு வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. ஆண்டுதோறும் பாட்டி நேர்காணலுக்குக் கொண்டுபோன பென்ஷன் புத்தகத்தைச் சித்தி பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். கடைசிப் பதவி, ஓய்வு பெற்ற தேதி, எந்த அலுவலகம் என்று எல்லாம் அதில் இருந்தன. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வாரிசுச் சான்று நகலையும் இணைத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். ‘மூன்றாம் நபரின் சொந்த விவரம், தர இயலாது’ என்று ஓர் அலுவலகம் பதில் எழுதியது. தாத்தா எனக்கு மூன்றாம் நபராம்! சட்டத்தின் 8(3) பிரிவைப் படித்த பிறகுதான் தெம்பு வந்தது: இருபது ஆண்டுக்கு முந்தைய விஷயத்துக்கு இந்தச் சொந்த விவர விலக்கைக் காட்டி மறுக்க முடியாது. அதைச் சுட்டி முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன். இருபத்திரண்டு ஜெராக்ஸ் தாள்கள் வந்தன.

உயரம் ஐந்தடி ஆறரை அங்குலம். வலது முழங்காலில் தழும்பு, இடது கன்னத்தில் மச்சம். போட்டோ போன வீட்டுக்கு இது போதாதா? ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாங்கிய கையெழுத்துகளில், முதலாவது, எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதிய தமிழ். கடைசியில் இரண்டே கோட்டில் இங்கிலீஷ் கிறுக்கல். நடுவில், பாராவில் தூங்கியதற்கு ஒரு பிளாக் மார்க். அம்மா அதைப் படித்துவிட்டு, “ஐந்து பிள்ளைகள் கத்தும் வீட்டில் பகலில் எங்கே தூங்கியிருப்பார்” என்றார்.

எல்லோருக்கும் இது வாய்க்கும் என்று சொல்லமாட்டேன். சர்வீஸ் புக்கை என்றென்றைக்கும் வைத்திருக்க மாட்டார்கள். பாட்டி 2014 வரை குடும்ப ஓய்வூதியம் வாங்கியதால் எங்கள் கோப்பு தப்பியது என்று நினைக்கிறேன். உங்களுடையவர் 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் போலீஸ் காவலுக்கு நின்ற கொள்ளுத்தாத்தா என்றால் எழும்பூர்தான் கதி. அவர் பெயர் கிடைக்காவிட்டாலும், போலீஸ் துறையின் ஆண்டு அறிக்கைகளில் அவர் காலத்து நகரமாவது கிடைக்கும். ஜில்லாப் போலீஸ், மலபார் ஸ்பெஷல் போலீஸ் என்ற ஆயுதப் படை பக்கம் எனக்கு அனுபவமில்லை. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும், அன்று லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்கள் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்குக் கைகொடுக்கும். ஞானஸ்நானப் பதிவுகள் வரை இருக்கின்றன. ஏட்டையாக்களுக்கு அங்கே வேலையில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் பயத்தில் சென்னை காலியானபோது, கர்ப்பிணியாக இருந்த பாட்டியைத் தாத்தாவே பொன்னேரியில் கொண்டுபோய் விட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. லீவுக் கணக்கில் அந்த ஆண்டு ஜூலை வரை ஒரு நாள்கூட இல்லை. பாட்டி யாரோடு போனார் என்று மாமாக்கள் இரண்டு பேரும் இப்போது மோதிக்கொண்டிருக்கிறார்கள்.